மேஜருக்கு நாலு கால்

வேட்டியின் இரண்டாவது மடிப்பில் யோகம் அயன் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தபோது குசினியில் ஒரு போத்தல் விழுந்து உடைந்தது.

செத்த வீட்டில் போத்தல் உடைவது பெரிய புதினமில்லை. ஐந்து நாட்களாக ஹம் நகரத்துத் தமிழ்ச் சனம் முழுவதும், பீலெஃபெல்டிலிருந்து அரை ரயிலும், டுசல்டோர்ஃபிலிருந்து மிச்ச அரை ரயிலும் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே பதினொரு தேத்தண்ணிக் கோப்பைகளும் ஒரு கதிரையும் கக்கூசுக் கதவின் கைபிடியும் காலமாகியிருந்தன. ஆனால் இந்தப் போத்தலுக்குப் பிறகு ஒரு சத்தமும் வரவில்லை. உடைத்தவள் "ஐயோ" என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் யோகத்தை எழும்ப வைத்தது.

மூன்று மணிக்கு அடக்கச் சேவைக்காரர் உடுப்பு வாங்க வருவார். நாளைக்குப் பதினொரு மணிக்கு எரிப்பு. அதுவரை அவளுடைய புருசன் பரராசசிங்கம் ஊருக்கு வெளியே ஒரு குளிர் அறையில், டெர்மின் என்ற குறித்த நேரத்துக்குக் காத்துக்கிடந்தார். ஐம்பத்தெட்டு வயதுக்குள் ஒரு டெர்மினுக்கும் நேரத்துக்குப் போகாத மனுசன், இதற்கு மட்டும் ஐந்து நாள் முந்திப் போய்ப் படுத்திருந்தார்.

செத்த அன்றும் அவர் தன் குணத்தை விடவில்லை. நெஞ்சு நோகுது என்று ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, ஒன்றிலிருந்து பத்துக்குள் நோவு எத்தனை என்று டாக்குத்தர் கேட்டார். மகள் கஜந்தி மொழிபெயர்த்தாள். "நாப்பத்தி மூண்டு எண்டு சொல்லு" என்றார். கஜந்தி பத்து என்று சொன்னாள். "ஏன் பிள்ளை குறைக்கிறாய்? முப்பத்தி மூண்டு சும்மா போட்டுதே" என்று சண்டைக்குப் போனார். மூக்குக்குக் குழாய் வைக்க வந்தபோது அந்தக் கையை விலக்கிவிட்டு யோகத்தைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை. அவர் சிரிக்காமல் பேசியதை யோகம் பத்தொன்பது வருடத்தில் நாலு தரம்தான் கண்டிருப்பாள்.

"மேஜருக்கு நாலு காலும் இருந்தது, யோகம்" என்றார்.

பிறகு பேசவில்லை. பின்னேரம் போய்விட்டார்.

மேஜர் என்பது ஒரு நாய். ஆனால் மேஜருக்கு மூன்று கால்தான் என்று யோகத்துக்கு இருபத்தொரு வருடமாகத் தெரியும். ஆகையால் மனுசன் நோவில் உளறிவிட்டார் என்று முடிவுகட்டி, அதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

குசினியில் மல்லித்தூள் வாசம் மூக்கை அடைத்தது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று, பீலெஃபெல்ட் பெண்கள் சமையலை அலுமினியச் சட்டிகளில் கொண்டுவந்திருந்தார்கள். தேத்தண்ணிக்குச் சீனி தேடப்போய் அலுமாரியைத் திறந்தவள் புஷ்பராணி. நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். இந்த வீட்டுக்குள் இன்றைக்குத்தான் முதன்முதல் கால் வைத்தவள். காலடியில் கண்ணாடித் துண்டு பரவிக்கிடக்க, அவள் கையில் போத்தலிலிருந்து கழன்ற ஒட்டுத்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பரராசசிங்கம் அந்த வீட்டில் ஒரு போத்தலையும் சும்மா விட்டதில்லை. எல்லாவற்றுக்கும் எழுதி ஒட்டியிருந்தார். 'மிளகாய்த்தூள்: போன முறை மூன்று பேர் அழுதார்கள், ஒருவர் இன்னும் நிறுத்தவில்லை.' 'உப்பு: யோகம் போடுவதில் பாதி போதும்.' 'சீனி: எனக்குத் தடை, ஆகையால் எனக்கு எட்டாத உயரத்தில் வைக்கவும்; நான் கதிரை வைத்து எடுப்பேன்.' எழுத்து முத்துமுத்தாக இருக்கும். ழகரத்தின் வாலை மட்டும் பட்டத்து வால்போல இழுத்து, சொல் முழுவதற்கும் கீழால் ஓட்டிவிடுவார்.

"அக்கா, இது ஆற்ற எழுத்து?" என்றாள் புஷ்பராணி.

"இவர்ர எழுத்துத்தான். அரக்காதை பிள்ளை, கண்ணாடி கிடக்குது."

புஷ்பராணி நின்ற இடத்தைவிட்டு அரக்கவில்லை. கைப்பையைத் திறந்து செபப்புத்தகத்தை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். பீலெஃபெல்டில் ஏதோ ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்து பிளாஸ்டிக் போட்டு மூடிய கடிதம். ரைன் நதி பெருகி வீட்டுக்குள் வந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. உள்ளே, மஞ்சளாய்ப் போன கொப்பித் தாளில், அதே முத்து, அதே பட்டத்து வால்.

"இது என்ர தம்பி சில்வெஸ்டர் காம்பில இருந்து எழுதினது அக்கா. எண்பத்தாறாம் ஆண்டு. அப்பிடியெண்டா உங்கட மனுசன்ர கையில எப்பிடி..."

யோகத்துக்கு இதில் அதிசயமில்லை. அவளுக்கு அந்தக் கதை தெரியும். எண்பத்தைந்தில், ஊரிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்புக்குள் பரராசசிங்கத்தின் இயக்கம் முகாம் போட்டிருந்தது. இப்போது பெயரைச் சொன்னாலும் ஒருவருக்கும் ஞாபகம் வராத சின்ன இயக்கம். நூற்றிருபது பெடியள், மரத்தில் செய்த துவக்கு, பருப்புக்குள் கல்லா கல்லுக்குள் பருப்பா என்று தெரியாத சாப்பாடு, எல்லாருக்கும் சிரங்கு. வீட்டுக்குக் கடிதம் போடலாம். ஆனால் வழியில் ஆமி பிடித்தால் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவான், பள்ளிக்கூடக் கொப்பியோடு ஒத்துப் பார்ப்பான் என்று பொறுப்பாளருக்கு ஒரு பயம். ஆகையால் நூற்றிருபது பேருடைய கடிதத்தையும் ஒரே ஒரு ஆள் பார்த்தெழுத வேண்டும். மூலக்கடிதத்தை அடுப்புக்குள் போட வேண்டும். அந்த ஆள் பரராசசிங்கம். மற்றவர்கள் மரத் துவக்கோடு ஓடும்போது அவர் பனைப்பெட்டிமேல் பலகை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பதினான்கு பேர் ஒரு படகில் ஊருக்குத் திரும்பியபோதும், மிச்சப் பேருக்குக் கடிதம் எழுத ஆள் வேண்டும் என்று அவரை விடவில்லை. படகு போய்ச் சேரவில்லை.

இதையெல்லாம் யோகம் சொன்னாள். "எழுத்துத்தான் இவர்ர. சொல்லெல்லாம் உங்கட தம்பியின்ர. பயப்பிடாதேங்கோ."

புஷ்பராணிக்கு மூச்சு வந்தது. "கர்த்தரே" என்றாள். "அம்மா இப்ப படுத்த படுக்கை அக்கா. ஒவ்வொரு நாளும் பின்னேரம் இதை வாசிக்கச் சொல்லுவா. முழுக்க வேண்டாம், நாயின்ர இடம் மட்டும்."

"என்ன நாய்?" என்றாள் யோகம்.

புஷ்பராணி பிளாஸ்டிக்கைப் பார்க்காமலே சொன்னாள். "முகாமில் மேஜர் என்று ஒரு நாய் இருக்கிறது. மூன்று கால்தான். நாங்கள் வரிசையில் நின்ற பிறகே நொண்டி நொண்டி வந்து கடைசியில் நிற்கும். பொறுப்பாளர் எங்களுக்கு ஏசுவார், அதற்கு ஏச மாட்டார். அதன் புண்ணுக்கு நான் உடுக்கிற சாரத்தில் பாதியைக் கிழித்துக் கட்டியிருக்கிறேன். ஆகையால் நான் இப்போது அரைச் சாரத்துடன் படுக்கிறேன். அம்மா கவலைப்பட வேண்டாம், நாய் என்னோடுதான் படுக்கிறது, குளிராது."

யோகம் கண்ணாடித் துண்டுகளைத் தாண்டிக் கிட்ட வந்தாள்.

"அது தங்கன்ர நாய்" என்றாள்.

தங்கன் என்ற தங்கராசா அவளுடைய தம்பி. அதே படகில் போனவன். ஊரில் வீடு ஷெல் பட்டு எரிந்தபோது அவனுடைய படங்கள் எல்லாம் போய்விட்டன. இப்போது தம்பியை நினைத்தால் அவளுக்கு முகம் வருவதில்லை. எவ்வளவு கண்ணை மூடினாலும் ஒரு அரைச் சாரமும், பக்கத்தில் சுருண்டு கிடக்கிற ஒரு நாயும்தான் வரும். அவளிடம் அவனில் மிஞ்சியது அவ்வளவுதான்.

அவள் அறைக்குள் ஓடினாள்; எரிந்துகொண்டிருந்த அயன் பெட்டி கண்ணில் படவில்லை. கடிதங்கள் ஓர்ட்னர் என்ற தடித்த கோப்புக்குள் இருந்தன. வீட்டு ஒப்பந்தத்துக்கும் மரணக் காப்புறுதிக்கும் நடுவில், ஏழு கடிதமும் ஏழு பிளாஸ்டிக் உறைக்குள். பரராசசிங்கம்தான் அதன் முதுகில் எழுதி ஒட்டியிருந்தார்: 'முக்கியம். எரிந்தால் முதலில் இதை எடுக்கவும், பிறகு என்னை.' இரண்டு கடிதத்தையும் குசினி மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒன்றில் அம்மா கவலைப்பட வேண்டாம், மற்றதில் அக்கா கவலைப்பட வேண்டாம்.

இரண்டு பேரும் ஆளையாள் பார்க்கவில்லை.

"மேஜரோ?" என்று, சனம் நிறைந்திருந்த முன்னறைச் சாலையிலிருந்து ஒரு குரல் வந்தது. தம்பித்துரை அண்ணை. டுசல்டோர்ஃபிலிருந்து எழுபத்தாறு வயதில் மூன்று மாடி ஏறி வந்தவர். காது கேளாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த மனுசன். "அது எங்கட பெடியன்ர நாயெல்லோ!"

கதை சாலைக்குப் போனது. அவருடைய மகன் போட்ட கடிதம் இப்போது இல்லை. மனுசி செத்தபோது அவவின் நெஞ்சில் வைத்து எரித்துவிட்டார். ஆனால் கடிதம் அவருடைய நெஞ்சில் இருந்தது. எழும்பி நின்று, தடியை நிலத்தில் ஊன்றி, தேவாரம் பாடுவதுபோல முழுவதையும் சொன்னார். அதே மூன்று கால், அதே அரைச் சாரம். ஐயா கவலைப்பட வேண்டாம்.

அதற்குப் பிறகு அந்தச் சாலை பாராளுமன்றமாகிவிட்டது. சோபாவில் இருந்த சனம் சில்வெஸ்டர் பக்கம், கதிரையில் இருந்த சனம் தம்பித்துரை அண்ணை பக்கம், நிலத்தில் இருந்தவர்கள் வீட்டுக்காரிக்கு மரியாதையாகத் தங்கன் பக்கம். செத்தவரின் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கை ஒருவரும் பார்க்கவில்லை.

"விமலநாதன் அண்ணையைக் கேளுங்கோவன்" என்று யாரோ சொன்னார்கள். "அவர் அந்தக் காம்பில இருந்தவரெல்லோ."

விமலநாதன் மூலையில் கண்ணீர் அஞ்சலிப் பிரசுரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் அந்த முகாமில் பத்தொன்பது நாள் இருந்தவர். இருபதாம் நாள் சிரங்கு முற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பத்தொன்பது நாளை வைத்து இருபத்திரண்டு வருடம் கதை சொல்லி வந்தவர். எல்லோரும் தன்னைப் பார்ப்பதை முதலில் நன்றாக அனுபவித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அங்க நாய் நிக்கேல்லை" என்றார். "ஒரு ஆடு நிண்டது."

மூன்று கட்சியும் ஒன்றாய்க் கேட்டது.

"ஆடோ?"

"ஓம். ரெண்டு நாள் நிண்டது. பேந்து நாங்கள் சாப்பிட்டிட்டம்."

"மூண்டு காலோ அதுக்கு?" என்று கேட்டாள் கஜந்தி, ஒன்றும் விளங்காமல்.

"முதல் நாள் நாலு. ரெண்டாம் நாள் மூண்டாய் இருந்திருக்கலாம் பிள்ளை. பசி."

தம்பித்துரை அண்ணை தடியை ஓங்கினார். "என்ர பெடியன் ஆட்டோடையோ படுத்தவன்? வாயைக் கழுவும்!"

யோகம் கணக்குப் பார்த்தாள். நாய் இல்லை என்றால், சாகப்போகிற மனுசன் எதற்காக மூக்குக் குழாயை விலக்கிவிட்டு நாயின் காலை எண்ணினார்? நாலு கால் என்றால் நாய் இருந்திருக்கிறது. ஒரு காலைத்தான் அவர் எடுத்திருக்கிறார். சும்மா ஒரு நாய் கடிதம் வாசிக்கிற வீட்டுக்காரருக்குப் போதாது என்று நினைத்து, ஒரு காலை வெட்டியெறிந்து, ஒரு சாரத்தைக் கிழித்திருக்கிறார். அப்படியானால் சாரம்? சாரமும் இவர் கிழித்ததுதானோ? எந்தப் பெடியன் முதலில் நாய் என்று எழுதினான்? ஒருவனாவது எழுதினானா? கேட்பதற்கு ஒரே ஒரு ஆள் இருந்தார். அவர் நாளைக்குப் பதினொரு மணிக்கு.

வேட்டி கருகும் மணம் வந்தது. ஓடிப்போய் அயன் பெட்டியைத் தூக்கினாள். கரையில் ஒரு மஞ்சள் அடையாளம். மடித்தால் தெரியாது.

புஷ்பராணி அவளுக்குப் பின்னாலேயே அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நீங்கள் அவரோட பத்தொன்பது வருசம் இருந்தனீங்கள். உங்களுக்குத் தெரியாமல் இராது. எனக்கு ஆற்ற நாயெண்டாலும் பரவாயில்லை. ஆனா இண்டைக்குப் பின்னேரம் வீட்ட போனா அம்மா வாசி எண்டு கேப்பா. பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு என்னால வாசிக்க ஏலாது. சொல்லுங்கோ."

அவளுடைய கை பிளாஸ்டிக்கை மடிக்கப் பார்த்தது. அது மடியவில்லை.

யோகம் வேட்டியை மடித்தாள். மஞ்சள் அடையாளம் உள்ளே போகும்படி ஒரு தரம், திரும்ப ஒரு தரம். பிறகு நிமிர்ந்து, "அது உங்கட தம்பியின்ர நாய்தான்" என்றாள். "இவர் என்னட்டைச் சொன்னவர். எங்கட கடிதத்தையும் தம்பித்துரை அண்ணையின்ர கடிதத்தையும் உங்கட தம்பியின்ரையைப் பாத்துத்தான் எழுதினவராம். நல்லாய் இருக்குதெண்டு."

புஷ்பராணி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

சாலையில் தம்பித்துரை அண்ணையின் தடிச்சத்தம் கேட்டது. "ஆனா வேற ஆரிட்டையும் சொல்லாதேங்கோ" என்றாள் யோகம்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொற்கள் அவளுக்கே கேட்டன. எண்பத்தெட்டாம் ஆண்டு, கடைசிக் கடிதத்தைக் கொண்டு, பிறகு அவளைக் கட்டப்போகிற ஒரு மெல்லிய மனுசன் அவர்கள் வீட்டுப் படலையடியில் வந்து நின்றான். நாய் உண்மையோ என்று அவள் கேட்டாள். அவன் சிரிக்கவில்லை. "அது உங்கட தம்பியின்ர நாய்தான். ஆனா வேற ஆரிட்டையும் சொல்லாதேங்கோ" என்றான். ஒரு நாய் எப்படி இயக்க ரகசியமாகும் என்று அவள் யோசிக்கவில்லை. அந்தக் காலத்தில் அரிசி விலைகூட ரகசியம்தான்.

புஷ்பராணி போன பிறகு அவள் கட்டிலில் இருந்துகொண்டு ஓர்ட்னரைத் திறந்தாள். மற்ற ஆறு கடிதத்தையும் ஒன்றொன்றாக எடுத்தாள். தோப்புக்குள் யானை வந்த கடிதம். வள்ளத்தைவிடப் பெரிய மீன் பிடித்த கடிதம். பொறுப்பாளரின் மீசைக்குள் குருவி கூடு கட்டிய கடிதம். இத்தனை வருடம் தம்பி இவ்வளவு பகிடிக்காரனா என்று அதிசயப்பட்ட கடிதங்கள். இப்போது ஒவ்வொரு வரியிலும் மனுசன் கதிரை வைத்துச் சீனி எடுத்துக்கொண்டு நின்றார்.

ஐந்தாவது கடிதத்தின் அடியில், யானைக்கும் வணக்கத்துக்கும் நடுவில், ஒரு வரி இருந்தது.

'சைக்கிளின் பின் சில்லுக்குக் காற்று நிற்காது. ஓடாவிட்டாலும் வாரத்துக்கு ஒருக்கால் அடிக்கவும்.'

இந்த வரியை அவள் நூறு தரம் தாண்டிப் போயிருக்கிறாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை, அழவும் ஒன்றுமில்லை. முத்துமுத்தான எழுத்து, ழகரமே இல்லாத வசனம். பரராசசிங்கம் இப்படி ஒரு வசனத்தை எழுதுகிற ஆளில்லை. அவர் கையில் அந்தச் சில்லு அகப்பட்டிருந்தால் குண்டுபோல வெடித்திருக்கும், சத்தத்தில் இரண்டு பொலிஸ்காரர் கிணற்றுக்குள் விழுந்திருப்பார்கள். ஏனோ தங்கன் எழுதியபடியே தொடாமல் விட்டிருக்கிறார்.

அவள் காற்று அடித்தாளா? ஞாபகமில்லை. தங்கனின் சைக்கிள் வீட்டோடு எரிந்தபோது பின் சில்லு எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு அடக்கச் சேவைக்காரர் வந்தார். கதவுநிலை அளவுக்கு உயர்ந்த ஜெர்மன்காரன், கறுப்புக் கோட்டு. சாலையிலிருந்த சனம் மரியாதைக்கு எழும்பியது. ஆடும் நாயும் ஒரு நிமிடம் அமைதியாயின. யோகம் வேட்டியையும் வெள்ளைச் சேட்டையும் கொடுத்தாள். பெட்டிக்குள் வேறு ஏதும் வைக்க விருப்பமா, கண்ணாடியும் இரும்பும் கூடாது, தாள் என்றால் பரவாயில்லை என்று அவர் சொன்னதைக் கஜந்தி தமிழில் சொன்னாள்.

யோகம் குசினிக்குள் போய், மேஜரின் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி, நாலாக மடித்துக்கொண்டு வந்து சேட்டுப் பைக்குள் வைத்தாள்.

"அம்மா! அது மாமாவின்ர கடிதமெல்லோ?"

"ஓம்."

"பேந்து ஏன் எரிக்கிறீங்கள்?"

"நாயை அவர் கொண்டுபோகட்டும்" என்றாள் யோகம்.

அடக்கச் சேவைக்காரர் என்ன என்று கேட்டார். அதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று கஜந்திக்குத் தெரியவில்லை.

காரில் உடுப்பைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று யோகம் அவரோடு கீழே இறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் தம்பித்துரை அண்ணை மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம். ஜெர்மன்காரர் முன்னால் போகும்வரை பொறுத்து, அவளுடைய கையைப் பிடித்தார்.

"பிள்ளை, உள்ளதைச் சொல்லு. ஆற்ற நாய்?"

"உங்கட மகன்ரதான் அண்ணை" என்றாள் யோகம். இரண்டாம் தரம் அது லேசாக வந்தது. "வேற ஆரிட்டையும் சொல்லாதேங்கோ."

கிழவர் தலையாட்டினார். தடியைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, கைபிடியைத் தொடாமல் இறங்கிப் போனார்.

கார் போய்விட்டது. தெருவில் மாசிக் குளிர். யோகம் மேலே ஏறவில்லை. கெல்லர் என்று எல்லோரும் சொல்கிற நிலவறைக்கு இறங்கி, விளக்கைப் போட்டாள். மரச்சட்டம் அடித்த அவர்களுடைய பங்குக்குள், உருளைக்கிழங்குச் சாக்குக்குப் பக்கத்தில், அவருடைய சைக்கிள் சாத்திக் கிடந்தது. ஐப்பசிக்குப் பிறகு ஒருவரும் தொடவில்லை. சட்டத்தில் ஒரு ஒட்டுத்தாள்: 'மணிக்கு எண்பது கிலோமீற்றர். முதியோர் தள்ளி நிற்கவும்.'

அவள் குந்தியிருந்து பின் சில்லைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போனது.

பம்பைத் தேடி எடுத்தாள். குழாயை மாட்டினாள். மேலே, மூன்று மாடிக்கும் கேட்க, விமலநாதன் ஆட்டின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடிக்கத் தொடங்கினாள். இருபதோ முப்பதோ அடித்தபின் நிறுத்தி, திரும்ப அமத்தினாள். பிறகு காதைக் கிட்டக் கொண்டுபோய், காற்றுப் போகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.